மாமனாரின் பர்மா ஜாடி

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்போம். கல்யாண வீட்டில் காபி கொடுத்தால்கூட, குடித்து முடித்ததும் கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிற யாரும் அப்படித்தான். அடியைப் பார்த்தால் என்ன மண், எப்படி வார்த்தது, சூளையில் எப்படி வெந்தது எல்லாம் தெரிந்துவிடும். அடுத்தது நகத்தால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்ல சரக்கு. வடிவமும் பிடித்துவிட்டால், அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்துவிட வேண்டியதுதான். இதில் என் வீட்டுக்காரருக்கு வெட்கமே கிடையாது. யார் வீட்டிலாவது அழகான ஜாடியைப் பார்த்தால், "ரெண்டே நாளுங்க, பத்திரமா குடுத்துடறேன்" என்று கேட்டு வாங்கி வந்துவிடுவார். ஒரு பெரிய மனுஷர் வீட்டுப் பூச்சாடி எங்கள் பட்டறை வழியாக ஊர் முழுக்கப் பெருகிய கதை உண்டு. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மாமனாரின் தகரப் பெட்டி திறக்கப்பட்டது.

மாமனார் பெரிய யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா வரைக்கும் போய் வந்தார் என்று சொல்வார்கள், அவர் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரியான மனுஷன். சோறு நன்றாக இருந்தாலும் "ம்", நன்றாக இல்லாவிட்டாலும் "ம்". கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, அந்தச் சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில். எண்பதுகளின் கடைசியில் அவர் இறந்து, கருமாதி முடிந்த பிறகுதான் அந்தப் பூட்டைத் திறந்தோம்.

அவருடைய மூத்த மகள், என் வீட்டுக்காரரின் அக்கா, பெட்டியைத் திறக்கும்போது கூட இருக்க மாட்டேன் என்று தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்கு இடது காது மந்தம். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் அந்தப் பெட்டி பூட்டாமல் கிடந்திருக்கிறது. உள்ளே இருந்த ஒரு உருண்டை ஜாடியை எடுத்து, துணி சுற்றி, மடியில் போட்டு பாப்பா விளையாட்டு விளையாடியிருக்கிறார். மாமனார் வந்து பார்த்தவர், ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தோடு சேர்த்துக் காதில் விட்டார் ஒரு அறை. வாழ்க்கையில் அவர் மகளை அடித்தது அது ஒன்றுதான். அந்தக் காது அதோடு போயிற்று. "ஒரு ஜாடிய தொட்டதுக்கு, பெத்த பொண்ணுன்னுகூட பாக்காம அடிச்சாரு" என்று அண்ணி சொல்லாத நல்ல நாளோ கெட்ட நாளோ கிடையாது. கல்யாணமாகி, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டும், அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் செத்த அன்றும் வந்து நின்றார், அழவில்லை. ஊர் பேசியது. பேசட்டும் என்று நின்றார்.

பெட்டிக்குள் பட்டாளத்துச் சட்டை ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, அந்த ஜாடி. அவ்வளவுதான். நாங்கள் வழக்கம்போல ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தோம்.

பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருண்டை. மேலே குட்டையாக ஒரு கழுத்து. தவிட்டு நிறத்தில் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு, அங்கங்கே குழி விழுந்த பொக்கு. வாயில் கறுத்து இறுகிய ரப்பர் மூடி. அதைப் பிய்த்து எடுத்தால் உள்ளே ஒரு மரக்கட்டை அடைப்பு. அது அசைந்து கொடுக்கவில்லை. நகத்தால் தட்டினால் கணீரென்ற சத்தம் வரவில்லை, மொத்தென்றது.

"உள்ள என்னமோ இறுகிப் போயிருக்குது. பர்மா தைலமா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

பட்டறையில் என் வேலை பொருள்களைக் கிளேஸில் முக்கி எடுப்பது. மூன்று விரலால் அடியைப் பிடித்துத் தலைகீழாக முக்கும்போது, விரல் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது. அப்புறம் தூரிகையால் தொட்டு அதை மறைக்க வேண்டும். அந்த ஜாடியில் யாரும் மறைக்கவில்லை. அடியில் மூன்று வெறும் புள்ளிகள் அப்படியே இருந்தன. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. "எவளோ பொடிக் கைக்காரி. அவசரத்துல முக்கிட்டுப் போயிருக்கா, மொதலாளிகிட்ட நல்லா வாங்கியிருப்பா" என்று சிரித்தேன்.

வடிவம் மட்டும் அவ்வளவு அழகு. வீட்டுக்காரர் அன்றைக்கே அச்சு எடுத்துவிட்டார். மேலே காசு போட ஒரு கீறல், வயிற்றில் ஒரு பூ. உண்டியல் தயார். அந்த வருஷம் மாசிமகத்துக்குக் கடை போட்டோம், உண்டியல் பறந்தது. அதற்குப் பிறகு திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு என்று சந்தை சந்தையாகப் போனது. அசல் ஜாடி அச்சு அறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அச்சு தேயத் தேய அதைக் கீழே இறக்கி, பிளாஸ்டர் ஊற்றிப் புது அச்சு எடுப்பார். பிளாஸ்டர் இறுகும்போது கைவைக்க முடியாமல் சுடும். அந்தச் சூட்டுக்குள் அது இருந்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். வருஷத்துக்கு ஒரு நாள் பட்டறைக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து வெளியூர் போவது வழக்கம். அந்த வருஷம் கடற்கரைப் பட்டணம் ஒன்றுக்குப் போவதாக முடிவாயிற்று. நானும் அண்ணியும் கிளம்பினோம். வீட்டுக்காரர் வரவில்லை. மாசிமகத்துச் சரக்கு தேங்கிக் கிடந்தது, அன்றைக்குச் சூளை ஏற்ற வேண்டும்.

"அப்பா ஜாடியையும் இந்த சூளையில வெச்சிடப் போறேன். மேல பொக்கு பொக்கா இருக்குது. இன்னொரு கோட்டிங் கிளேஸ் குடுத்து வேக வெச்சா வழவழன்னு ஆயிடும். அச்சும் சுத்தமா வரும்" என்றார்.

"உள்ள இருக்கிற தைலம்?"

"சூளை தின்னாத பொருள் எதுடி? மொதல்ல கட்டை எரியும், வாய் தொறந்துக்கும். அப்புறம் தைலம் எரிஞ்சிடும். சாயந்திரம் நீ வரதுக்குள்ள பத்த வெச்சிடுவேன். போயிட்டு வா."

வைக்கோல் சுற்றி வைத்தாலும், மெழுகு பூசி வைத்தாலும் சூளை எரித்துச் சாம்பலாக்கிவிடும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். எனக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டேன்.

கடலைப் பார்த்தோம், காலை நனைத்தோம், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வெயில் தாங்கவில்லை. பக்கத்தில் போர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று வேன் டிரைவர் சொன்னார். அதற்காகத்தான் போனோமே தவிர, சண்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை எங்களில் யாருக்கும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துக் கிடங்காம் அது. இடிக்காமல், சுண்ணாம்பு பூசி, தேக்குக் கதவுகூட மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குச் சுவர். எங்கள் ஆட்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், செங்கல்லின் வேக்காட்டைப் பார்த்தார்கள், தரை ஓடுகளைக் குனிந்து தடவினார்கள். கத்தி, துப்பாக்கி, பீரங்கிக் குழாய் எல்லாவற்றையும் கல்யாணச் சீர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போனோம். அண்ணி வழியெல்லாம் கால் வலி என்று முனகிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது அறையில் அண்ணிதான் முதலில் பார்த்தார்.

"அடியே! இங்க பாரு, எங்கப்பா ஜாடி!"

கண்ணாடிப் பெட்டிக்குள் அதே உருண்டை. அதே குட்டைக் கழுத்து. தவிட்டு நிறத்துக்குப் பதிலாக வெள்ளை. மற்றபடி எங்கள் ஜாடிதான். ரப்பர் மூடிகூட அப்படியே. எனக்கு ஒரே சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். "நம்ம உண்டியல் மியூசியத்துக்கு வந்துடுச்சு!" என்று கத்தினேன். கூட வந்தவர்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். "இதுக்கும் உங்க வூட்டுக்காரர்தான் அச்சு குடுத்தாரா?" என்று ஒருத்தர் கிண்டல் செய்தார். ஜாடியைக் கவிழ்த்து வைத்திருந்தால் தேவலை, அடியைப் பார்க்கலாமே என்றுகூடச் சொன்னேன். பெட்டிக்குள் கீழே முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு ஒன்று வைத்திருந்தார்கள், அதில் அடி தெரிந்தது. குனிந்தேன். மூன்று வெறும் புள்ளிகள், நெருக்கமாக.

அப்புறம்தான் அட்டையைப் படித்தேன். தமிழிலும் எழுதியிருந்தது. பீங்கான் கையெறி குண்டு. இரண்டாம் உலகப் போர். ஜப்பான்.

மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை. பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக அட்டையைப் படித்தார்கள். சிரிப்பு நின்றது. அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. "என்னா எழுதியிருக்குது? சொல்லேண்டி" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

காக்கி உடுப்பில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். "அது ஜப்பான்காரன் குண்டும்மா. கடைசியில அவங்களுக்கு இரும்பு பத்தாம போச்சு. பானை, ஜாடி செய்யிற ஊருக்கெல்லாம் ஆர்டர் போட்டுட்டாங்க. ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டதால, ஸ்கூலு புள்ளைங்களக்கூட உக்கார வெச்சி செஞ்சாங்களாம்" என்றார்.

ஸ்கூல் பிள்ளைகள். நான் பொடிக் கைக்காரி என்று கிண்டல் செய்தேனே, அது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. என் கையைப்போலவே அடியைப் பிடித்து, தலைகீழாக முக்கி, சொட்ட விட்டு, பலகையில் வைத்திருக்கிறது. அது கூஜாவா குண்டா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா? ஆனால் அந்தப் பிள்ளையை நினைத்து நிற்க நேரம் இல்லை.

"ஐயா, இது பழசாயிட்டா உள்ள மருந்து வீணாப் போயிடுந்தானே?"

"எங்க போவும்? பழசானாதான் இன்னும் மோசம். தட்டினாக்கூட போதும். இதுல மருந்த எடுத்துட்டாங்க, பயப்படாதீங்க" என்றார்.

நான் நகத்தால் தட்டியது. வீட்டுக்காரர் கட்டையை நெம்பியது. பிளாஸ்டர் சூடு. கடைசியில் சூளை. காலையில் அவர் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாயந்திரம் நீ வரதுக்குள்ள பத்த வெச்சிடுவேன்.

வெளியே ஓடினேன். தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத். எங்கள் பட்டறையில் போன் கிடையாது. எதிரில் இருந்த அரிசி மில்லில்தான் உண்டு. பூத்துக்கு வெளியே நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், குண்டு என்று வாயெடுத்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அடுத்தது ஸ்டேஷன்தான். என்னை அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிட்டால் யார் போய் அவரைத் தடுப்பது? மில் கணக்குப்பிள்ளை போனை எடுத்தபோது என் வாயில் வந்தது இதுதான்.

"எங்க வூட்டுக்காரர்கிட்ட ஓடிப்போய் சொல்லுங்க. அப்பா ஜாடிய சூளையில வெக்க வேணாம். தொடவே வேணாம். அண்ணி கேக்குறாங்கன்னு சொல்லுங்க. சீக்கிரம் போங்க!"

"என்னம்மா, ஒரு ஜாடிக்கா இப்படி பதறுறீங்க?" என்று அவர் சிரித்தது கேட்டது. அத்தோடு லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சொல்லப் போயிருக்கிறாரா, சாப்பிடப் போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை.

வேன் திரும்பியது. வரும்போது பாட்டும் கைதட்டலுமாக வந்த வண்டி, எழவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி ஆகிவிட்டது. நான் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல காதில் வாயை வைத்து, ரெண்டு தடவை. ஊர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாயில்லாத மனுஷன், மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தபோது வீசித் தொலைத்திருக்கக் கூடாதா? கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினார்?

ஊருக்குள் நுழையும்போதே எங்கள் சூளைப் புகைபோக்கி தெரியும். புகை வந்துகொண்டிருந்தது. பற்ற வைத்துவிட்டார். வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

சூளையில் தீ இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். வாயில் பீடி புகைந்தது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அந்த ஜாடி. ஒரு கையில் உளி, இன்னொரு கையில் சின்னச் சுத்தி. ஜாடியின் வாயில் இருந்த மரக்கட்டையைப் பாதி பெயர்த்திருந்தார். கீழே விரித்த பேப்பரில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் கொட்டிக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவர் சொத்துல பங்கு கேட்டு போன் போடுற அளவுக்கு வந்துட்டீங்களா ரெண்டு பேரும்? அடைச்ச சூளை வாயப் பிரிச்சி எடுத்திருக்கேன், தெரியுமா? குடுக்குறதுதான் குடுக்குறோம், சுத்தம் பண்ணிக் குடுப்போம்னு..." என்று சொல்லிக்கொண்டே சுத்தியை ஓங்கினார்.

நான் கத்தினால் அந்தக் கை அதிர்ந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்த அண்ணிதான் பேசினார். ரொம்ப மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

"தம்பி. அத தட்டாத. அது ஜாடி இல்ல, குண்டு. சண்டையில போடுற குண்டு. மொதல்ல பீடிய தூக்கி அந்தப் பக்கம் போடு. சுத்திய கீழ வெய்யி."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பீடியைத் தூர எறிந்தார். சுத்தியைக் கீழே வைத்தார். அந்தச் சின்ன 'டக்'குக்கே நாங்கள் மூன்று பேரும் துடித்துப்போனோம். வீட்டுக்காரர் ஜாடியை ஒரு கையிலும், தூள் பேப்பரை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, களிமண் ஊற வைக்கிற குழிக்கு அடி அடியாக நடந்துபோய், சேற்றுக்குள் இறக்கி வைத்துவிட்டு வந்தார். வந்து என் எதிரில் நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து நாலு அடி அடித்தேன். அதற்குப் பிறகு அழுதேன். ஒன்றும் தெரியாத மனுஷனை எதற்கு அடித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போலீஸ் வந்தது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று கேட்டதையே கேட்டார்கள். தகரப் பெட்டியைக் காட்டினோம், பட்டாளத்துச் சட்டையைக் காட்டினோம். மறுநாள் வெளியூரிலிருந்து விஷயம் தெரிந்த ஆட்கள் வந்தார்கள். குழியைப் பார்த்தார்கள், ஜாடியை மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, வேப்பூர் ரோட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பொட்டலுக்குக் கொண்டுபோனார்கள். எங்களையும் தூரத்தில், ரோட்டோரம் நிற்கச் சொன்னார்கள். ஊரே வந்து நின்றது. அது வெறும் ஜாடிதான், மருந்தெல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று பக்கத்தில் ஒருத்தர் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

வெடித்தது. மண் கறுப்பாக எழும்பி நின்று அப்புறம் விழுந்தது. காலுக்குக் கீழே தரை ஆடியது. ஒரு ஆரஞ்சுப் பழம் அளவு ஜாடிக்குள் அவ்வளவு இருந்ததா? என் வீட்டுக்காரர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மட்டும் நின்ற இடத்தில் நின்றார். எல்லோரும் காதைப் பொத்தியபோது அவர் பொத்தவில்லை. இடது கை மட்டும் இடது காதுப் பக்கம் போய் நின்றது. கன்னத்தைத் தடவினார். பொட்டலில் புகை கலைந்தது.

"இந்தக் காதுலயும் கேட்டுச்சு" என்றார் என்னிடம்.

நான் அவர் தோளைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார். "துணி சுத்தி மடியில போட்டு ஆட்டிக்கிட்டிருந்தேன். தாலாட்டு வேற பாடினேன். வந்து பாத்த மனுஷன், என்னான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்த. நான் பேசாமயே சாவ விட்டுட்டேனே" என்றார்.

மாமனார் செத்த அன்றைக்குக் கண்ணைக்கூடத் துடைக்காதவர், வேப்பூர் ரோட்டில் ஊரே பார்க்க மாரில் அடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று அழுதார்.